ராட்சத நாய்க்கு என்ன சாப்பாடு? வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

மூட்டு வலி பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, 'ராட்சத இனக் குட்டிகளுக்குச் சாப்பாட்டிலேயே பாதி வைத்தியம் இருக்கிறது' என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. கேள்விகள் விதவிதமாக இருந்தாலும் அடியில் ஓடுவது ஒன்றுதான்: இன்னும் என்ன சேர்க்கலாம்? என் பதில்களில் பாதிக்கு மேல் எதைக் குறைக்கலாம் என்றுதான் இருக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: எங்கள் லேப்ரடார் 40 கிலோ இருக்கிறான். அவனும் ராட்சத இனம்தானே டாக்டர்?

பதில்: இல்லை. அவன் பெரும்பாலும் குண்டான லேப்ரடார். வளர்ந்து முடித்தபின் 45, 50 கிலோவைத் தாண்டுகிற இனங்களைத்தான் ராட்சத இனம், 'ஜெயன்ட் ப்ரீட்' என்கிறோம். கிரேட் டேன், மாஸ்டிஃப், செயின்ட் பெர்னார்ட், நியூஃபவுண்ட்லாந்து, ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட், லியோன்பெர்கர் எல்லாம் இதில் வரும். ஆனால் குட்டி உணவுக்கான விதிகள் கோட்டை இன்னும் கீழேயே போட்டிருக்கின்றன. அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கமான ஆஃப்கோ, வளர்ந்தபின் 70 பவுண்டு, அதாவது சுமார் 32 கிலோவைத் தொடக்கூடிய எந்தக் குட்டியையும் 'பெரிய நாய்' கணக்கில் வைக்கிறது. அதனால் அடுத்து லேப்ரடார் குட்டி வாங்கினால், கீழே கால்சியம் பற்றிச் சொல்வது அதற்கும் பொருந்தும். இப்போதைக்கு இவனுக்குத் தட்டைக் குறையுங்கள்.

கேள்வி: கிரேட் டேன் குட்டி, வயது மூன்று மாதம். பெரிய இனக் குட்டிகளுக்கான உலர் உணவு தருகிறோம். கூடவே காலையும் இரவும் கால்சியம் சிரப். 'எலும்பு பெரிசு, கால்சியம் குறைஞ்சா கால் வளைஞ்சிடும்' என்று குட்டியைக் கொடுத்தவர் சொன்னார். இப்போது முன்னங்கால் மணிக்கட்டு வீங்கினாற்போல் இருக்கிறது. சிரப்பின் அளவைக் கூட்டலாமா?

பதில்: கூட்டாதீர்கள். இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

முதலில் அந்த மணிக்கட்டு. ராட்சத இனக் குட்டிகளின் மணிக்கட்டு இயல்பாகவே கொஞ்சம் முண்டாகத்தான் தெரியும். எலும்பு வேகமாக வளரும் இடம் அது. இரண்டு காலும் ஒரே மாதிரி இருந்து, குட்டி ஓடியாடிக்கொண்டிருந்தால் பதற வேண்டியதில்லை. ஆனால் நொண்டுகிறது, அந்த இடம் சூடாக இருக்கிறது, தொட்டால் கத்துகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

இனி சிரப். 'பெரிய எலும்பு, ஆகவே நிறையக் கால்சியம்' என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. குட்டியின் குடல் அந்த நியாயப்படி நடப்பதில்லை. வளர்ந்த நாய்க்குக் கால்சியம் கூடிவிட்டால், குடல் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். சுமார் ஆறு மாதம் வரையுள்ள குட்டியிடம் அந்தக் கட்டுப்பாடு சரியாக அமைந்திருப்பதில்லை. கொடுக்கிறதில் கணிசமான பங்கு, வேண்டுமோ வேண்டாமோ, ரத்தத்தில் ஏறிவிடும்.

ஏறினால் என்ன ஆகும் என்பதைக் கிரேட் டேன் குட்டிகளை வைத்தே பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹேஸவிங்கல் என்பவரின் குழு, 1985-இல் வெளியிட்ட ஆய்வில், சில குட்டிகளுக்குச் சுமார் 1.1 சதவீதம் கால்சியம் உள்ள உணவையும் சிலவற்றுக்கு 3.3 சதவீதம் உள்ள உணவையும் கொடுத்தது. அதிகம் தின்ற குட்டிகளின் எலும்பு உறுதியாகவில்லை. குருத்தெலும்பு எலும்பாக மாறுகிற வேலை தடுமாறியது. வளரும் இடங்களில் குருத்தெலும்பு அப்படியே தங்கிப்போனது. கால் வளைவதும், மூட்டுக்குள் குருத்தெலும்பு பெயர்ந்து வருகிற ஆஸ்டியோகாண்ட்ரோஸிஸும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. கால் வளையக் கூடாது என்று ஊற்றுகிற சிரப்பே காலை வளைக்கலாம்.

ஏன் ராட்சத இனத்துக்கு மட்டும் இந்தத் தொல்லை? வேகம்தான் காரணம். கிரேட் டேன் பிறக்கும்போது அரைக் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். ஒன்றரை வயதுக்குள் அதன் எடை ஏறத்தாழ நூறு மடங்காகிவிடும். மனிதக் குழந்தை முதல் வருடத்தில் மூன்று மடங்காவதற்கே நாம் வாய் பிளக்கிறோம். அந்த வேகத்தில் ஓடுகிற உடம்பில் சின்னப் பிசகும் பெரிதாகத் தெரியும்.

உங்கள் குட்டி சாப்பிடுகிற உணவில் ஏற்கெனவே தேவையான அளவு கால்சியம் கணக்குப் பார்த்துச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் சிரப், மாத்திரை, எலும்புத்தூள், பாக்கெட்டில் வரும் கால்சியம் எலும்பு, எதுவும் வேண்டாம். மீன் எண்ணெய் என்று நினைத்து மீன் ஈரல் எண்ணெய் கொடுக்கிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: அதில் வைட்டமின் ஏ-யும் டி-யும் செறிவாக இருக்கும். டி கூடினால் கால்சியம் இன்னும் ஏறும்.

கேள்வி: கடையில் எந்தப் பையைத் திருப்பினாலும் ஒரு நாய் சிரித்துக்கொண்டு நிற்கிறது. ராட்சத இனக் குட்டிக்கு எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சிரிக்கும் நாயை விட்டுவிட்டுப் பையின் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பொடி எழுத்தில் ஒரு வாக்கியம் இருக்கும். ஆஃப்கோ முறைப்படி அச்சிட்ட பையாக இருந்தால், இந்த உணவு வளர்ச்சிப் பருவத்துக்கு முழுமையானது, 70 பவுண்டும் அதற்கு மேலும் வளரக்கூடிய நாய்களின் வளர்ச்சியும் இதில் அடங்கும் என்ற பொருளில் அந்த வாக்கியம் இருக்க வேண்டும். 'பெரிய நாய்களின் வளர்ச்சி தவிர' என்று இருந்தால் பையை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். முன்பக்கத்தில் ராட்சத நாயின் படம் போட்டிருந்தாலும் சரி.

ஐரோப்பியப் பையில் இந்த வாக்கியம் அப்படியே இருக்காது. அங்கே ஃபெடியாஃப் என்ற அமைப்பின் அளவுகளைப் பின்பற்றுகிறார்கள். அப்போது கால்சியம் எண்ணை நாமே பார்த்துக்கொள்ளலாம். ஆஃப்கோ கணக்கில் வளரும் குட்டிக்கு, ஈரம் நீக்கிய உணவில் குறைந்தது 1.2 சதவீதம் கால்சியம் வேண்டும். பெரிய இனக் குட்டிக்கு 1.8-ஐத் தாண்டக் கூடாது. மற்ற நாய்களுக்கு 2.5 வரை இடம் உண்டு. கால்சியமும் பாஸ்பரஸும் ஒன்றுக்கு ஒன்று என்பதிலிருந்து இரண்டுக்கு ஒன்று என்பதற்குள் இருக்க வேண்டும்.

'ஈரம் நீக்கிய' என்றேனே, ஏமாறுகிற இடம் அதுதான். உலர் உணவின் பையில் கால்சியம் 1.2 சதவீதம், ஈரப்பதம் 10 என்று இருக்கிறது. ஈரம் போக மிஞ்சுவது 90 சதவீதம், ஆகவே 1.2-ஐ 0.9-ஆல் வகுத்தால் 1.33. நல்லது. டப்பா உணவில் கால்சியம் 0.4, ஈரப்பதம் 78. 'அடேயப்பா, எவ்வளவு குறைவு!' என்று தோன்றும். 0.4-ஐ 0.22-ஆல் வகுத்துப் பாருங்கள்: 1.82. வரம்பைத் தாண்டிவிட்டது.

இதைவிட நான் நம்புகிற கணக்கு ஒன்று உண்டு. நாய் கலோரிக்காகத்தான் சாப்பிடுகிறது. ஆகவே ஆயிரம் கிலோகலோரிக்கு எத்தனை கிராம் கால்சியம் உள்ளே போகிறது என்று பாருங்கள். பெரிய இனக் குட்டிக்கு 3 முதல் 4.5 கிராம். ஒரு கிலோவில் 3,800 கிலோகலோரியும் 1.2 சதவீதம் கால்சியமும் உள்ள உணவில் 12 கிராமை 3.8-ஆல் வகுத்தால் 3.2 வரும். சரி. கிலோவுக்கு 3,600 கிலோகலோரி, கால்சியம் 1.8 என்றால் 5 கிராம். வேண்டாம்.

பையில் 'குறைந்தபட்சக் கால்சியம்' என்று மட்டும் போட்டிருந்தால் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கமும் இதையே சொல்கிறது: உணவைத் தயாரித்தவர் யார், அவருக்கு விலங்கு ஊட்டச்சத்தில் என்ன தகுதி, தரத்தை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று வாங்குகிறவர் கேட்க வேண்டும். ஒழுங்கான நிறுவனம் எண்ணோடு பதில் எழுதும். எண்ணைக் கேட்டால் விளம்பர வாசகத்தைத் திருப்பி அனுப்புகிறவர்களின் பையை நான் வாங்குவதில்லை.

கேள்வி: புரதம் கூடினால் வேகமாக வளர்ந்து இடுப்பு போய்விடுமாம். அதனால் நாலாவது மாதத்திலேயே வளர்ந்த நாய்களின் உணவுக்கு மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?

பதில்: மாற்றாதீர்கள். நாய் வளர்ப்பவர்களிடையே ரொம்பப் பழைய நம்பிக்கை இது. புரதத்தையும் உட்ரெக்டிலேயே சோதித்தார்கள், அதுவும் கிரேட் டேன் குட்டிகளிலேயே. உணவில் புரதத்தை மட்டும் கூட்டியும் குறைத்தும் கொடுத்தபோது, அதிகப் புரதம் தின்ற குட்டிகளுக்கு எலும்புக் கோளாறு கூடவில்லை. குற்றவாளிகள் இருவர்: அதிகக் கலோரி, அதிகக் கால்சியம். புரதம் அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்ததால் மாட்டிக்கொண்டது.

வளர்ந்த நாய்க்கான உணவில் கால்சியம் 2.5 சதவீதம் வரை இருக்க விதி இடம் தருகிறது. கலோரியும் பெரும்பாலும் குறைவு. குட்டி பசிக்கு அதிலேயே கூடுதலாகத் தின்னும், கால்சியமும் கூடப் போகும். எதற்குப் பயந்து மாற்றினீர்களோ அது நடந்துவிடும். கிரேட் டேன் போன்ற இனங்கள் வளர்ந்து முடிக்கப் பதினெட்டு மாதம், சிலவற்றுக்கு இரண்டு வருடம்கூட ஆகும். அதுவரை பெரிய இனக் குட்டி உணவே இருக்கட்டும்.

கேள்வி: டாக்டர், என் நாயைப் பார்க்கிற எல்லோரும் 'சாப்பாடே போடுறதில்லையா?' என்கிறார்கள். ஒன்பது மாத மாஸ்டிஃப். விலா எலும்பு லேசாகத் தெரிகிறது. அவமானமாக இருக்கிறது.

பதில்: எல்லோருக்கும் என் சார்பில் வணக்கம் சொல்லுங்கள். உங்கள் குட்டி சரியாக வளர்கிற மாதிரித்தான் தெரிகிறது.

என் கிளினிக்கில் நான் செய்யச் சொல்வதை நீங்களும் செய்து பாருங்கள். கையை விரித்து நீட்டி, புறங்கையில் விரல் எலும்புகளைத் தடவுங்கள். மெல்லிய தோலுக்குக் கீழே எலும்பு தெளிவாகத் தட்டுப்படும். நாயின் விலாவைத் தடவும்போது அப்படித் தட்டுப்பட்டால் எடை சரி. முஷ்டியை மடக்கினால் முட்டி எலும்பு துருத்துமே, விலா அப்படி இருந்தால் மெலிவு. உள்ளங்கையின் சதைப் பக்கம் போல, அழுத்தித் தேடினால்தான் எலும்பு கிடைக்கிறது என்றால் கொழுப்பு. மேலேயிருந்து பார்த்தால் இடுப்பு உள்ளே வாங்க வேண்டும், பக்கவாட்டில் பார்த்தால் வயிறு மேலே ஏற வேண்டும். நாயின் உடம்பை 1 (மிக மெலிவு) முதல் 9 (மிகக் குண்டு) வரை மதிப்பிடுகிற ஒன்பது புள்ளி அளவுகோலில் வளரும் ராட்சதக் குட்டி 4-இல் இருப்பது எனக்குப் பிடிக்கும்.

லேப்ரடார்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. அவை ராட்சத இனம் இல்லைதான், ஆனாலும் கேளுங்கள். 48 குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகக் கடைசிவரை கொடுத்தார்கள். முடிவு 2002-இல் வெளிவந்தது. அதிகம் தின்றவற்றின் நடுத்தர ஆயுள் 11.2 வருடம், குறைவாகத் தின்றவற்றுக்கு 13. இடுப்பு மூட்டுத் தேய்மானமும் தள்ளிப்போனது. குட்டிக் காலத்தில் அளவோடு கொடுப்பதால் நாயின் இறுதி உயரம் குறையாது. அந்த உயரத்தை எட்டக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும், அவ்வளவுதான். கண்காட்சிக்காக ஒரு வயதுக்குள் ஊட்டி ஊட்டி 'மலை' போல் ஆக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

கேள்வி: எங்களிடம் இரண்டு நாய்கள். கிரேட் டேன் ஒன்று, நியூஃபவுண்ட்லாந்து ஒன்று. இரண்டும் 60 கிலோ. ஒரே அளவு போடுகிறோம். டேன் இளைக்கிறது, மற்றது பெருக்கிறது. நோயா?

பதில்: நோய் இல்லை, இனம். அருமையான கேள்வி, இதற்காகவே ஒரு பக்கம் எழுதலாம்.

நாய்க்குத் தேவையான கலோரி எடையோடு நேராக ஏறுவதில்லை. 60 கிலோ நாய்க்கு 6 கிலோ நாயைப் போல் பத்து மடங்கு வேண்டியதில்லை. கணக்கு இப்படி: செல்போனில் 60-ஐ மூன்று முறை பெருக்குங்கள், 2,16,000. அதற்கு வர்க்கமூலம் எடுங்கள், திரும்பவும் ஒருமுறை எடுங்கள். 21.6 வரும். இதைத்தான் ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். சாதாரண வீட்டு நாய்க்கு அந்த எண் பெரும்பாலும் 100-க்கும் 130-க்கும் இடையில். அளந்து பார்த்தபோது இளம் கிரேட் டேன்களுக்கு அது 200-ஐ ஒட்டி வந்தது. நியூஃபவுண்ட்லாந்துகளுக்கு ஏறத்தாழ அதில் பாதி. அதாவது ஒரே எடையில் டேனுக்குச் சுமார் 4,300 கிலோகலோரி, மற்றதற்குச் சுமார் 2,200. டேனின் தோல் மெல்லியது, முடி குட்டை, ஓயாத அலைச்சல். நியூஃபவுண்ட்லாந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிதானமாகப் படுத்திருக்கும்.

பையில் போட்டிருக்கும் அளவு அட்டவணை இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. அதை முதல் வாரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு விலாவைத் தடவி, பத்து சதவீதம் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். கருத்தடை செய்திருந்தால் தேவை இன்னும் இறங்கும். அளக்கக் கோப்பையை நம்பாதீர்கள். ஒரே கோப்பையில் ஆளுக்கு ஆள் அளவு மாறும், ராட்சத நாய்க்கு ஒரு வேளைக்கு நாலைந்து கோப்பை என்னும்போது பிழையும் சேர்ந்து பெருகும். சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுங்கள். எங்கள் வீட்டில் தராசு நாய்க்குத்தான் முதலில் வாங்கினோம், கேக் செய்யக் கற்றுக்கொண்டது அதற்கப்புறம்தான்.

கேள்வி: பையில் அடைத்த உணவில் நம்பிக்கை இல்லை. ஐந்து மாத செயின்ட் பெர்னார்டுக்குக் கோழிக்கறி, சோறு, கேரட் வேகவைத்துத் தருகிறேன். கலப்படம் இல்லை, உப்பு இல்லை. சரிதானே?

பதில்: உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் இந்த வயதில் இந்தத் தட்டு ஆபத்து.

மேலே கால்சியம் கூடக் கூடாது என்று சொன்னவளே இப்போது மறுபக்கம் பேசுகிறேன். நூறு கிராம் கோழிக்கறியில் கால்சியம் 10 முதல் 15 மில்லிகிராம்தான் இருக்கும். பாஸ்பரஸோ 200-ஐ ஒட்டி. குட்டிக்கு ஆயிரம் கிலோகலோரிக்கு 3 கிராம் கால்சியம் தேவை. அதைக் கறியிலிருந்தே எடுக்க வேண்டுமானால் இருபது கிலோவுக்கு மேல் போட வேண்டும்! சோறும் கேரட்டும் இதைச் சரிக்கட்டாது. கால்சியம் குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது. ரத்தத்தில் அளவைக் காப்பாற்ற எலும்பிலிருந்தே உருவி எடுக்கும். எலும்பு மெலிந்து, குதித்தாலே முறிகிற நிலைக்கும் போகலாம்.

'சரி, முட்டை ஓட்டுத்தூள் போடுகிறேன்' என்று அடுத்து எழுதுவீர்கள். ஒரு ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. கைக்கு வந்தபடி போட்டால் ஒரு நாள் குறையும், ஒரு நாள் கூடும். அதோடு துத்தநாகம், செம்பு, அயோடின், வைட்டமின் டி, ஈ என்று இன்னும் வரிசை இருக்கிறது. கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். 95 சதவீதக் குறிப்புகளில் ஏதாவது ஒரு முக்கியச் சத்தாவது குறைந்தது. அவற்றில் மருத்துவர்கள் எழுதியவையும் இருந்தன.

வளர்ந்து முடித்த நாய்க்கு வீட்டில் சமைத்துப் போடலாம், விலங்கு ஊட்டச்சத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் உங்கள் நாய்க்கென்றே கிராம் கணக்கில் எழுதிக்கொடுத்தால். அதில் போடச் சொல்லும் தாதுப் பொடியை 'மருந்து வாசனை அடிக்கிறது' என்று விட்டுவிடக் கூடாது. குட்டிக்கு மட்டும் தயவுசெய்து பரிசோதனை வேண்டாம். இப்போது கொடுக்கிற கோழிக்கறியை, நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள், பரிசாகக் கொடுங்கள். வேகவைத்த எலும்பு மட்டும் எந்த வயதிலும் கூடாது.

கேள்வி: கிரேட் டேன் குனிந்து சாப்பிடக் கஷ்டப்படுகிறதே என்று உயரமான தட்டு வாங்கினோம். வயிறு முறுக்கிக்கொள்வதை இது தடுக்கும் என்றார்கள். ஒருவர் நேர்மாறாகச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: நேர்மாறாகச் சொன்னவர் பக்கம்தான் நான் நிற்பேன். வயிறு காற்றால் உப்பி, அப்படியே திருகிக்கொள்வதைத்தான் 'ப்ளோட்' என்கிறார்கள். திருகிய வயிற்றுக்கு ரத்தம் போகாது. சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். ஆழமான, குறுகிய மார்புள்ள ராட்சத இனங்களுக்கு இது அதிகம். கிரேட் டேனுக்கு வாழ்நாளில் இது வரும் வாய்ப்பு 40 சதவீதத்தை ஒட்டி என்று அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகக் குழு கணித்தது. அதே குழு 1,600-க்கும் மேற்பட்ட பெரிய, ராட்சத நாய்களைத் தொடர்ந்து கவனித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், உயரத்தில் வைத்த தட்டு ஆபத்தைக் கூட்டியதாகத்தான் கண்டது. பின்னால் வந்த எல்லா ஆய்வும் இதை அப்படியே சொல்லவில்லை. ஆனால் உயரத் தட்டு காப்பாற்றும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. கழுத்து வலியோ முதுகுத்தண்டுப் பிரச்சினையோ இருந்து மருத்துவர் சொன்னால் ஒழிய, தட்டு தரையிலேயே இருக்கட்டும்.

தட்டின் உயரத்தைவிட எனக்கு முக்கியமானது, எத்தனை வேளை, எவ்வளவு வேகம். ஒரே வேளையில் நாள் முழுக்கான உணவையும் கொட்டாதீர்கள். ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு ஆயுள் முழுக்க குறைந்தது இரண்டு வேளை. விழுங்கித் தள்ளுகிற நாய்க்கு மேடு பள்ளம் உள்ள தட்டு கிடைக்கிறது. அகலத் தட்டில் பரப்பி வைத்தாலும் வேகம் குறையும். இரண்டு நாய்கள் போட்டி போட்டுத் தின்றால் வேறு வேறு அறையில் போடுங்கள். உலர் உணவின் மூலப்பொருள் பட்டியலில் முதல் நான்கு இடத்துக்குள் எண்ணெய் அல்லது கொழுப்பு வந்த உணவைத் தின்ற நாய்களில் ப்ளோட் கூடுதலாக இருந்ததாகவும் பர்டூ குழுவினர் எழுதினார்கள். இரண்டு பைகளில் எதை எடுப்பது என்று குழப்பம் வந்தால் அதையும் பார்க்கலாம். சாப்பிட்டதும் ஓட்டம் பாட்டம் வேண்டாம் என்பதற்கு ஆதாரம் அவ்வளவு பலமில்லை, ஆனாலும் ஒரு மணி நேரம் படுக்கவிடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் ஓங்கரித்தால், எச்சில் வடிந்தால், ஓரிடத்தில் நிற்காமல் தவித்தால், வயிறு விறைத்தால், வீட்டு வைத்தியம் எதுவும் செய்யாமல் அறுவை சிகிச்சை வசதியுள்ள இடத்துக்கு உடனே கொண்டுபோங்கள். நடுராத்திரியானாலும் சரி. கிரேட் டேன் வைத்திருப்பவர்கள், வயிற்றை விலாப் பக்கச் சுவரோடு தைத்து வைக்கும் முன்தடுப்பு அறுவை சிகிச்சை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். கருத்தடை செய்யும்போதே இதையும் முடித்துக்கொள்ளலாம். உப்புவதை அது தடுக்காது, திருகுவதைப் பெருமளவு தடுக்கும்.

கேள்வி: தானியம் இல்லாத உணவு நாய்க்கு இயற்கையானது என்கிறார்களே?

பதில்: ராட்சத இனத்துக்கு நான் அதைச் சொல்வதில்லை. பட்டாணி, பருப்பு வகைகள் அதிகமாகச் சேர்ந்த உணவுக்கும், இதயத் தசை தளர்ந்து விரிகிற டிசிஎம் நோய்க்கும் தொடர்பு இருக்கலாமா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் விசாரணையை அறிவித்தது. அந்தப் புகார்களில் வந்த உணவுகள் பெரும்பாலும் 'தானியம் இல்லாதது' என்று விற்றவை. காரணம் இதுதான் என்று உறுதியாகவில்லை. புதிதாக எதுவும் கிடைத்தால் ஒழிய இனி அறிக்கை தருவதில்லை என்று 2022 டிசம்பரில் நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் கிரேட் டேன், ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட், நியூஃபவுண்ட்லாந்து மூன்றுமே பரம்பரையாக இந்த நோய்க்கு ஆளாகிற இனங்கள். நியூஃபவுண்ட்லாந்துக்கு டாரின் என்ற சத்து குறைகிற போக்கும் உண்டு. இதயம் ஏற்கெனவே பலவீனமான பரம்பரையில், நிரூபிக்கப்பட்ட பலன் எதுவும் இல்லாத ஒன்றுக்காக ஏன் இந்த வம்பு? உண்மையான தானிய ஒவ்வாமை நாய்களில் அபூர்வம். ஒவ்வாமை வந்தால் மாட்டிறைச்சி, பால், கோழி ஆகியவைதான் பெரும்பாலும் காரணம்.

கேள்வி: லியோன்பெர்கர், இரண்டு வயது. மலம் எப்போதும் இளகலாகவே போகிறது. பரிசோதனையில் புழு இல்லை.

பதில்: ராட்சத இனங்களில் இது சகஜம். சின்ன நாயின் எடையில் சுமார் 7 சதவீதம் ஜீரண உறுப்புகள். ராட்சத நாயில் அது 3 சதவீதத்தைக்கூடத் தொடாது. உணவு பெருங்குடலில் அதிக நேரம் தங்கி அதிகம் புளிக்கிறது. எளிதில் செரிக்கும் புரதமும் மிதமான நார்ச்சத்தும் உள்ள உணவாகப் பாருங்கள், அதே அளவை மூன்று வேளையாகப் பிரியுங்கள். உணவு மாற்றுவதானால் பத்து நாள் எடுத்துக்கொண்டு பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். இளைத்தாலோ, ரத்தமோ சளியோ கலந்தாலோ உணவை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: இடுப்புக்கு வைட்டமின் சி, மூட்டுக்கு குளுக்கோசமைன். இரண்டும் தரலாமா?

பதில்: வைட்டமின் சி-யை நாய் தன் ஈரலிலேயே தயாரித்துக்கொள்ளும். குளுக்கோசமைனுக்கு ஆதாரம் மெலிசு. மூட்டுத் தேய்மானம் வந்துவிட்ட நாய்க்கு மீன் எண்ணெயின் இபிஏ, டிஎச்ஏ கொழுப்புகள் பலன் தருவதற்கு ஆதாரம் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. அளவை மருத்துவர் சொல்லட்டும். எடை குறைப்பதற்கு ஈடாக எந்த மாத்திரையும் இல்லை.

கேள்வி: என் கணவர் தான் சாப்பிடும் எதையும் நாய்க்கு ஒரு வாய் தராமல் இருக்கமாட்டார். '70 கிலோ நாயை ஒரு வாய் என்ன செய்யும்?' என்கிறார். நீங்களே சொல்லுங்கள் டாக்டர்.

பதில்: ஐயா, உடம்பு பெரிதாக இருப்பதால் சாக்லேட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மைதான். திராட்சை விஷயத்தில் அந்தத் தைரியம் வேண்டாம். பச்சையோ உலர்ந்ததோ, எந்த நாய்க்கு எவ்வளவில் சிறுநீரகம் கெடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வெங்காயம், பூண்டு, மகடாமியா கொட்டை, சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று இனிப்பு சேர்த்த மிட்டாயும் சூயிங்கமும் கூடவே கூடாது. மற்றபடி, கொடுத்தே தீர வேண்டுமானால் நாயின் தட்டிலிருந்தே பத்து உருண்டைகளை எடுத்து உங்கள் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுங்கள். நாய்க்கு அது உங்கள் கையிலிருந்து வந்தால் போதும், அம்மாவுக்கும் சண்டை மிச்சம்.

கேள்வி: ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்டுக்கு ஆறு வயதாகிறது. இப்போதே முதிய நாய் உணவா?

பதில்: அந்த இனத்துக்கு ஆறு என்பது முதுமைதான். ஆனால் 'முதிய நாய்' என்று பையில் எழுதுவதற்கு ஒரே விதி கிடையாது, ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி தயாரிக்கிறது. ரத்தப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் முதலில். சிறுநீரகம் சரியாக இருந்தால் புரதத்தைக் குறைக்காதீர்கள். வயதான நாய்க்குத் தசை கரைவது பெரிய கவலை. முதுகுத்தண்டின் இரு பக்கமும் மாதம் ஒருமுறை தடவிப் பாருங்கள். குழி விழுந்தால், எடை மாறாவிட்டாலும், தசை போகிறது என்று அர்த்தம்.

கேள்வி: பெரிய பையாக வாங்கிப் பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி வைக்கிறோம். கடைசியில் நாய் முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது.

பதில்: கொழுப்பு காறிப்போயிருக்கும். நம் மூக்குக்குத் தெரிவதற்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடும். டிரம்மின் சுவரில் படிந்த பழைய எண்ணெய் ஒவ்வொரு முறையும் புதுப் பையைக் கெடுக்கிறது. உணவைப் பையோடு டிரம்மில் வையுங்கள், வாயை இறுக்கமாக மடித்து, வெயில் படாத இடத்தில். திறந்தபின் ஆறு வாரத்துக்குள் தீர்கிற அளவு பையாக வாங்குங்கள். ராட்சத நாய் உள்ள வீட்டில் அது சிரமமில்லை. பையைத் தூக்கி எறியாமல் இருப்பதில் இன்னொரு லாபம், தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் கையில் இருக்கும். நிறுவனம் அந்தத் தொகுதியைத் திரும்பப் பெற்றால் உங்களுடையதா என்று பார்த்துக்கொள்ளலாம். நான் பையைத் திறந்த தேதியையும் கிலோவுக்கு எத்தனை கிலோகலோரி என்பதையும் தடித்த மார்க்கரில் முன்பக்கத்தில் எழுதிவிடுவேன், அந்தச் சிரிக்கும் நாயின் மேலேயே.